பொருநைக்கரை ஊர்கள் – 17: பத்தமடைக் கோரையும் ஓடும் நீரும்

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளுள் மூன்றாவதிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி வயல்களைக் கடந்து பத்தமடையை அடைவது சென்ற இதழிலேயே சொல்லப்பட்டது. மணமக்களின் பெயரும் திருமண நாளும் நெய்த கல்யாணப் பாய் இவ்வார இதழுக்கு உரிய பொருளாக இருந்தது. எனினும் அதற்கு முன்பு கோரை நீரில் ஊறும் கட்டத்தை நிதானமாகப் பார்ப்பது அவசியமாகிறது.

ஆற்றோரத்திலும் நீர்த்தடங்களிலும் புல்லைப் போல வளரும் கோரை, பச்சையாக இருக்கும்போதே அறுக்கப்பட்டு, நெடுக்காகக் கிழிக்கப்பட்டு, வெயிலில் காய வைக்கப்படுகிறது. காய்ந்த கோரையைக் கட்டுக்கட்டாக ஓடும் நீரில் அமிழ்த்திப் பல நாட்கள் ஊறவிடும்போது அது ஏறத்தாழ மூன்று மடங்கு பருக்கிறது என்பது கேட்போரை வியக்க வைக்கும் செய்தியாகும். பருத்து மென்மையடைந்த இந்தக் கோரையை மீண்டும் உலர்த்தி, அதன் மேற்பகுதியை நூலளவுக்கு மெலிதாகக் கிழித்தெடுத்து, பருத்தி நூல் பாவில், அதாவது நீளவாக்கில் இழுத்துக் கட்டிய இழைகளில், ஊடையாகக் கோத்து நெய்கின்றனர். பாவு இழைகளின் நெருக்கத்தைக் குறிக்கும் எண் 100 முதல் 140 வரை செல்லும் நயமான பாய்க்குப் பட்டுப்பாய் என்றே பெயர். துணியைப் போல அதை மடித்து வைக்கலாம். இத்தகைய நயம் நெய்பவரின் விரல்களுக்கு எந்த அளவு கடன்பட்டதோ, அந்த அளவு ஓடும் நீருக்கும் கடன்பட்டது. கார், பிசானம் என்னும் இரு நெற்பருவங்களுக்காகத் திறந்துவிடப்படும் நீர், பாய்த் தொழிலையும் சேர்த்தே வளர்த்தது என்று கருதுவதில் தவறில்லை.

சிவப்புச் சாயத்துக்குப் பதிமுக மரத்தின் கட்டையை வேகவைத்துப் பயன்படுத்திய காலமும் உண்டு. நெசவாளர்களில் பெரும்பான்மையினர் இஸ்லாமியக் குடும்பத்தினர். பெண்களின் உழைப்பே இத்தொழிலைத் தாங்குகிறது. இவ்வூரின் அக்கிரகார மரபில் 1887 செப்டம்பர் 8 அன்று பிறந்த குப்புசாமி, மலேயாவில் மருத்துவராகப் பணியாற்றிய பின்னர் ரிஷிகேசம் சென்று, சுவாமி சிவானந்தராகி, 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். இமயத்தின் அடிவாரம் வரை ஊரின் பெயரைக் கொண்டுசென்ற அவருடைய வாழ்க்கை தனி அத்தியாயத்துக்கு உரியது.

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருளின் பெயரை அது விளையும் ஊருக்கே உரிமையாக்கும் சட்டப் பாதுகாப்பு, கிடைத்திருக்கிறது. அச்சட்டம் பெயரைக் காக்கும். கழிவு கலக்கும் ஆற்றைக் காக்காது. கோரையை ஊறவைக்கும் நீரைத் தூய்மையாக வைத்திருக்காமல் பாயை மட்டும் காப்பாற்ற முடியாது என்பதை இக்கைத்தொழிலுக்குத் திட்டம் தீட்டுவோர் உணர்ந்தாக வேண்டும்.

கல்யாணப் பாயில் எழுத்துகள் நெய்யப்படும் முறையும், நெசவாளர் கூலியின் வரலாறும் அடுத்த இதழில் இடம்பெறும்.