பட்டதாரிகளும் தாதித்தொழிலும்

வேறொரு சாத்திரத்திற் பட்டம் பெற்ற ஒருவர் பின்னர்த் தாதித்தொழிலை விரும்பின், முன் கற்றதனைத்தும் வீணாமோ என்று நம் மாணவியர் சிலர் வினவக் கேட்டிருக்கிறோம். அமெரிக்க தேசத்தார் இதற்குக் கண்ட விடையை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

முதல் உலக மகாயுத்தத்தின்போது அங்கே தாதியர்க்குப் பெருங்குறை உண்டாயிற்று. ஆகவே 1918ஆம் வருஷக் கோடையில், வாஸர் கல்லூரியில் பட்டதாரிப் பெண்களுக்கென்று ஒரு பயிற்சி நடத்தப்பெற்றது. அதனை முடித்தோர் வைத்தியசாலைகளிற் சேர்ந்து, வழக்கமான மூன்று வருஷத்தினும் குறைந்த காலத்தில் தேற வழி செய்யப்பட்டது. 1923இல் யேல் சர்வகலாசாலை தாதிக் கல்லூரியொன்றை நிறுவிற்று. அது 1934இல் பட்டதாரிகளையே சேர்க்கும் முறையை மேற்கொண்டு, தாதித்துறையில் முதுநிலைப் பட்டம் அளிக்கலாயிற்று. 1950களில் அம்முறை நின்றுபோயினும், 1974இல் பிறதுறைப் பட்டதாரிகட்கென மூன்றாண்டுப் படிப்பு அங்கே தொடங்கிற்று.

இத்தகைய படிப்பு இன்று அந்நாட்டிற் பல கல்லூரிகளில் உண்டு. உடற்கூறு, உடலியல், நுண்ணுயிரியல் முதலியவற்றை முன்னரே கற்றுவருமாறு அவற்றுட் பல கேட்கும். முதற்கண் நோயாளியின் படுக்கையருகே அடிப்படைப் பயிற்சி பெறவேண்டும். பதிவு பெற்ற தாதியாதற்குரிய பரீட்சையிலும் தேறவேண்டும். பிரசவம், மனநோய் போன்ற தனித்துறைக் கல்வி அவ்வடிப்படையின்மேல் அமைவதாம்.

நம் நாட்டிலோ தாதித்துறை முதுநிலைக்கு அத்துறையிலேயே இளநிலைப் பட்டம் வேண்டும். ஆதலின் பிற பட்டம் பெற்றோர் இங்கு முதற்படியிலிருந்தே தொடங்கவேண்டும். இதனை அறியாது முயல்வோர் காலமும் பொருளும் இழப்பர்.

எனினும் முன் கற்ற கல்வி வீணன்று. மனநூல் பயின்றவர் நோயாளியின் அச்சத்தை அறிவர். இரசாயனம் பயின்றவர் மருந்தின் தன்மையை எளிதில் உணர்வர். படுக்கையருகே பெறவேண்டிய பயிற்சியை மட்டும் எப்பட்டமும் குறைக்கமாட்டாது.