குழந்தைகளின் பார்வை நரம்புக் கட்டிகள்

"மாறுகண் அதிர்ஷ்டம்லா, விட்டிருங்க!" வெள்ளறடை, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து நம் வீடுகளில் பெரியவர்கள் இப்படிச் சொல்வதுண்டு. மாறுகண் பெரும்பாலும் கட்டியால் வருவதல்ல. கண்ணாடி போட்டோ சிறு அறுவை செய்தோ சரியாக்கலாம். ஆயினும் அதன் காரணத்தைக் கண் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்குப் பார்வை நரம்பில் கட்டி இருக்கும்.

கண்ணில் பதியும் காட்சியை மூளைக்குக் கொண்டுசெல்வது பார்வை நரம்பு. அதன் இழைகளைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களில் தோன்றும் கட்டியே 'க்ளையோமா'. பெரும்பாலும் 10 வயதுக்குள் வரும், மெதுவாக வளரும், பிற உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் நரம்பை நெருக்கிப் பார்வையைக் கெடுக்கும். போன பார்வை முழுவதும் திரும்புவது கடினம்.

ஒரு கண் மங்கினாலும் மறு கண்ணால் ஓடி விளையாடுவதால் பிள்ளை குறை சொல்லாது. நாம்தான் கவனிக்கணும். கண் முன்தள்ளுதல், கண்மணி ஆடுதல், புதிதாக மாறுகண், டி.வி.யை ஒட்டிப் போய் நிற்றல், வயதுக்கு மீறிய பருவ வளர்ச்சி ஆகியவை அடையாளங்கள்.

உடலில் பால்காப்பி நிறத்தில், 5 மில்லிமீட்டருக்கு மேல் அளவுள்ள ஆறு புள்ளிகளாவது இருந்தால் அதை வெறும் மச்சம் என்று தள்ளிவிடக் கூடாது. 1882-இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபான் ரெக்லிங்ஹவுசன் விவரித்த நரம்புநார்க் கட்டி நோயாக இருக்கலாம். அந்நோயுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்குப் பார்வை நரம்புக் கட்டி வரக்கூடும். ஆகவே 8 வயது வரையாவது ஆண்டுதோறும் கண் பரிசோதனை தேவை.

கட்டி என்றதும் கத்தி என்று அஞ்ச வேண்டாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரிந்தாலும், பார்வை குறையாத வரை பலருக்குக் கண்காணிப்பே போதும். குறைந்தால் கார்போபிளாட்டின், வின்கிரிஸ்டின் போன்ற மருந்துகள் உண்டு. கதிர்வீச்சைச் சிறுபிள்ளைகளுக்குக் கூடியவரை தவிர்ப்பார்கள். பார்வை இழந்த கண் மிகவும் முன்தள்ளினால் அறுவை செய்வார்கள்.

திருவனந்தபுரத்தில் அரசுக் கண்ணாஸ்பத்திரி, ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், மண்டலப் புற்றுநோய் மையம் ஆகிய மூன்றும் இருப்பது நமக்கு வாய்ப்பு.

வீட்டில் ஒரு சோதனை: பிள்ளையின் ஒரு கண்ணை மூடிப் படம் காட்டுங்கள், பிறகு மறு கண்ணை மூடுங்கள். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கண்மணியில் வெள்ளை ஒளி தெரிந்தால் அது விழித்திரைப் புற்றாக இருக்கலாம், ஒருநாளும் தாமதிக்காதீர்கள்.