தன் அனுபவமே தனக்கு ஆசான்

அறிவு இருவகைப்படும். பிறர் வாயிலாக நம்பால் வருவது ஒன்று. தானே கண்டும் செய்தும் அடைவது மற்றொன்று. முன்னதைப் பெறுதற்கு வகுப்பும் நூல்நிலையமும் உள. பின்னதோ நம் வசத்திலேயே இருந்தும், வேண்டிய சமயத்தில் கைக்கு எட்டாது போகின்றது. பூட்டிய பெட்டியிலுள்ள பொன் திறவுகோலின்றிப் பயன்படாதவாறு, ஆராயப்படாத அனுபவமும் பயன்படாது. அத்திறவுகோல் யாதென்பதைச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

இதற்கு உதாரணம் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. ரெட்டியார்பாளையத்தினின்று கிழக்கே செல்லும் சாலை நம்மைப் புதுவை நகரினுட் சேர்க்கும். அந்நகரிலே வணிகராயும், பின்னர்க் கவர்னர் தியூப்ளே துரைக்குத் தலைமைத் துபாஷியாயும் விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் தொடங்கி, தாம் காலஞ்சென்ற 1761 ஜனவரி வரையில் தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்தார். அவர் மறைந்த சில தினங்களில் புதுவை ஆங்கிலேயர் வசமாயிற்று. இடையே சில பகுதிகள் கிடைத்தில வெனினும், கிடைத்தவை 1904 முதல் 1928 வரையில் ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளிவந்தன. கப்பல் வந்ததும், சரக்கு விலையும், அதிகாரிகளின் பேச்சும், ஊரில் நடந்த கலகமும் அவற்றுள் இடம்பெற்றுள்ளன.

இவ்வழக்கத்தின் பயன் யாது? 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றிய பின், லபோர்தொனே என்பாருக்கும் தியூப்ளேக்கும் பெரும் பிணக்கு மூண்டது. அதன் முடிவு இன்னதென்று அறியாத நிலையிலேயே பிள்ளை நாடோறும் அதனை எழுதினார். இங்கேதான் சூக்ஷ்மம் உளது. காரியம் முடிந்தபின் நினைவு நம்மை ஏமாற்றும். முடிவை முன்னமே அறிந்திருந்ததாக நமக்குத் தோன்றும். அன்றன்று எழுதிய ஏடோ, அன்று நாம் அறிந்தது எவ்வளவு, ஊகித்தது எவ்வளவு என்பதை மாற்றாது காட்டும். ஊகத்தையும் விளைவையும் அருகருகே வைத்துப் பார்ப்பவனுக்கே அனுபவம் அறிவாக மாறும்.

ஆயினும் எழுதுதல் ஒன்றே போதாது. பிறர் தம்மைப் புகழ்ந்தவற்றைப் பிள்ளை விரிவாகவே குறித்துவைத்தார். தன்னைப் பற்றி எழுதுவோர் யாவர்க்கும் இவ்வாசை உண்டு. கண்ணாடியை அலங்காரத்திற்கும் பயன்படுத்தலாம், முகத்திலுள்ள கறையை அறியவும் பயன்படுத்தலாம் அன்றோ? ஆதலின் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் குறித்து மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. நாம் எதிர்பார்த்தது யாது? நடந்தது யாது? இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமைக்குக் காரணம் யாது? மூன்றாம் வினாவிற்கு எப்பொழுதும் பிறரையே விடையாகக் கூறுவோமாயின், நாம் நம்மை வினாவவில்லை, வழக்காடினோம் என்பது தெளிவு.

மாணவர் இதனைப் பாடத்திலும் கையாளலாம். புத்தகத்தைத் திறக்குமுன், அப்பொருளைப் பற்றித் தாம் அறிந்ததனைத்தையும் ஒரு தாளில் எழுதுக. உழவர் வீட்டுப் பிள்ளை மண்ணையும் நீரையும் பற்றி அறிந்ததும், கடைக்காரர் பிள்ளை வட்டிக்கணக்கைப் பற்றி அறிந்ததும் அத்தாளில் வெளிப்படும். பின்னர் நூலோடு ஒப்பிடுக. ஒத்த இடம் உறுதிப்படும். ஒவ்வாத இடம் ஐயத்தை எழுப்பும். அவ்வையமே கல்வியின் வாயில். இங்ஙனம் செய்யாதவர், வீட்டில் அறிந்ததை வாயிலிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வகுப்பினுட் புகுகின்றனர். பட்டம் பெற்றும் தம் அறிவைத் தாமே நம்பாது, எதற்கும் பிறர் வாய் பார்த்து நிற்போர் பலராதற்கு இதுவும் ஒரு காரணமெனக் கருதுகின்றோம்.

இதற்குப் பொருட்செலவில்லை, ஒரு குறிப்புப் புத்தகமும், நாளொன்றிற்குக் கால்மணி நேரமும், தனக்குத் தானே மெய் கூறும் துணிவும் போதும். முதலிரண்டும் எளியவை. மூன்றாவதைப் பழக்கத்தால் அடைதல் கூடும். அதனை இன்றே தொடங்குவோமாக.