கரண்ட் பில்லில் வராத கணக்கு

ஓண வாரத்தில் திருவனந்தபுரத்துக்குள் வண்டி எடுப்பது புத்திசாலித்தனமில்லை. கவடியாரில் தொடங்கி வெள்ளயம்பலம், மியூசியம், பாளையம் தாண்டிக் கிழக்கே கோட்டை வரை, ரோட்டோர மரங்களும் அரசுக் கட்டடங்களும் சீரியல் செட்டில் மின்னும். ஊரே குடும்பத்தோடு 'லைட் காண' இறங்கிவிடும். சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதுகிறவன் நான். அதனால் நாகர்கோவில் சொந்தக்காரர்கள் வருஷா வருஷம் என்னிடம் கேட்பார்கள்: "இதுக்கெல்லாம் கரண்ட் பில் யாரு அண்ணே கட்டுகது?"

கரண்ட் பெரிய செலவே இல்லை. ஒரு மரத்தைச் சுற்றிய எல்இடி நூறு வாட் என்று வையுங்கள். ஐந்து மணி நேரம் எரிந்தால் அரை யூனிட். வீட்டு ஏசி ஒரு மணி நேரத்தில் அதற்கு மேல் இழுக்கும். காசு கரைவது ஏணி ஏறிக் கட்டுகிறவர் கூலியிலும் கேபிளிலும் வாடகையிலும்தான்.

நேரம்தான் வில்லங்கம். மாலை 6 முதல் 10 வரை கேரளத்தில் 'பீக்'. சோலார் படுத்துவிடும்; தேவையில் பெரும்பங்கை வெளியே வாங்கும் மாநிலம் இது; சந்தையில் விலையும் அப்போதுதான் ஏறும். நல்லவேளை, ஓணம் ஆவணியில் வருகிறது. இடுக்கி நீர்மின் அணையில் தண்ணீர் இருக்கும். 2024 மே மாதம் போல உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டுகிற கோடையில் இப்படிக் கட்டினால் நானே எதிர்ப்பேன். வருஷம் முழுக்க எரிகிற விளம்பரப் பலகைகளைப் பற்றி மட்டும் எந்தச் சொந்தக்காரரும் கேட்டதில்லை.

பத்மநாபசுவாமி கோயிலில் ஆறு வருஷத்துக்கு ஒருமுறை 56 நாள் வேதம் ஓதும் முறஜபம் முடிந்து, மகர சங்கராந்தியில் லட்சதீபம் ஏற்றுவார்கள். அந்த எண்ணெய்க்கும் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

2018-ல் வெள்ளம், 2024-ல் வயநாடு நிலச்சரிவு. இரண்டு முறையும் ஓண வாரக் கொண்டாட்டத்தை அரசு கைவிட்டது, சரியான முடிவு. ஆனால் மிச்சமான பணத்தோடு இன்னொன்றையும் எழுத வேண்டும். லைட் காண வரும் கூட்டத்தை நம்பி, கடலை வறுத்து விற்பவர்கள் எங்கள் கடையில் மூட்டையைக் கடனாக எடுப்பார்கள். விழா முடிந்ததும் எண்ணெய்ப் பிசுக்கேறிய பத்து ரூபாய் நோட்டுகளாகவே கொண்டுவந்து அடைப்பார்கள். 2024-ல் சரக்கு எடுக்க வந்தவர்கள் குறைவு. எடுத்தவர்களின் பாக்கி பொங்கல் தாண்டியும் பேரேட்டில் நின்றது. சிலதை முதலாளி தள்ளுபடி செய்தார்.