கடல் நடுவே எண்ணெய் மேடைகள்: கண்காணிப்பு யார் கையில்?

புது தில்லி: விதியை மீறினால் ஆறு மாதச் சிறை அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 1948-ஆம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் சட்டத்தில் இடம்பெற்ற இந்தத் தண்டனை, 2025-இல் நாடாளுமன்றம் திருத்தும் வரை நீடித்தது. கடலில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் மேடைகளுக்கான பாதுகாப்பு விதிகளும் இச்சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்டவையே.

அவ்விதிகள் வந்தது 2008-இல். பெரும் விபத்து நேர்ந்து மூன்றாண்டுகள் கழித்து. 2005 ஜூலை 27, மும்பையை வெள்ளம் சூழ்ந்ததற்கு மறுநாள். நகருக்கு மேற்கே சுமார் 160 கி.மீ. தொலைவில் உள்ள ஓ.என்.ஜி.சி.யின் 'மும்பை ஹை' வடக்கு மேடையை 'சமுத்ர சுரக்ஷா' என்ற உதவிக் கப்பல் நெருங்கியது. விரலில் வெட்டுக்காயம் பட்ட சமையல்காரர் ஒருவரைச் சிகிச்சைக்காக மேடையில் ஏற்றுவதே நோக்கம். கொந்தளிப்பில் கட்டுப்பாடு இழந்த கப்பல், எரிவாயுக் குழாய் ஒன்றில் மோதியது. தீப்பற்றிய இரண்டு மணி நேரத்தில் மேடை கடலில் சரிந்தது. 22 பேர் மாண்டனர்; 362 பேர் மீட்கப்பட்டனர்.

புதிய விதிகளைச் செயல்படுத்தும் பொறுப்பு எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககத்திடம் அளிக்கப்பட்டது. சிக்கல் இங்குதான். இயக்ககம், ஓ.என்.ஜி.சி. இரண்டும் பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் உள்ளவை. எண்ணெய்க் கசிவைச் சமாளிப்பது பாதுகாப்பு அமைச்சகத்தின் கடலோரக் காவல் படை. சுற்றுச்சூழல் அனுமதிக்கும் தனி அமைச்சகம் உண்டு. மேடைப் பாதுகாப்பு மட்டும் உற்பத்தியைப் பெருக்க வேண்டிய துறையிடமே விடப்பட்டுள்ளது.

பிரிட்டன் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. வட கடலில் 1988-இல் 'பைப்பர் ஆல்ஃபா' மேடை வெடித்து 167 பேர் இறந்தனர். விசாரணை நடத்திய கல்லன் பிரபுவின் பரிந்துரைப்படி, கண்காணிப்பு எரிசக்தித் துறையிடமிருந்து தொழிலாளர் பாதுகாப்பு அமைப்புக்கு மாற்றப்பட்டது. அமெரிக்காவும், 11 பேரைப் பலிகொண்ட 2010 மெக்சிகோ வளைகுடா விபத்துக்குப் பின், குத்தகைப் பணியிலிருந்து பாதுகாப்பைத் தனியே பிரித்தது.

இந்தியாவில் 2021 மே மாதம் டவ்-தே புயலில், ஓ.என்.ஜி.சி.யின் ஒப்பந்தப் பணியில் இருந்த 'பி-305' தங்கும் மிதவை 261 பேருடன் மூழ்கியது. புயல் எச்சரிக்கை முன்பே விடுக்கப்பட்டிருந்தும் 70-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். விசாரணைக் குழுவை அமைத்ததும் பெட்ரோலிய அமைச்சகம்தான்.

திருத்தச் சட்டம் சிறைத் தண்டனையை நீக்கி, அபராதத்தை 25 லட்சம் ரூபாய் வரை உயர்த்தியது. மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10 லட்சம் வரை. ஆயிரம் ரூபாயோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றமே. ஆனால் அபராதத்தைத் தீர்மானிப்பவர், மத்திய அரசு நியமிக்கும் இணைச் செயலர் நிலை அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரி. பாதுகாப்பு இயக்ககத்தைப் பெட்ரோலிய அமைச்சகத்திலிருந்து பிரிக்க, இச்சட்டத் திருத்தம் எந்த ஏற்பாடும் செய்யவில்லை.