தேடாத ஏடுகள்

நூலகர் என்றதும் உங்கள் மனக்கண்முன் தோன்றுபவர் யார்? நூல்களை அடுக்கி வைத்து, கேட்டதை எடுத்துக் கொடுத்து, நாள் தவறினால் அபராதம் வாங்குபவர்தாமே! பல்கலைக் கழகத்து அறிவியல் நூலகரின் பணி அத்துடன் முடிவதில்லை. அவரது தேடலில் ஓர் உயிரே அடங்கியிருக்கக் கூடும். நம்புவதற்கு அரிதாயிருந்தால் இந்நிகழ்ச்சியைக் கேளுங்கள்.

2001ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தில் ஆஸ்துமா பற்றிய ஆய்வொன்று நடைபெற்றது. நோயற்ற 24 வயதுப் பெண்ணொருவர் தாமே முன்வந்து அதில் பங்கேற்றார். மே மாதத்தில் ஹெக்சாமெத்தோனியம் என்னும் மருந்தைச் சுவாசித்தார். நுரையீரல் பழுதடைந்து, ஜூன் 2ஆம் நாள் உயிர் நீத்தார்.

அம்மருந்து ஒரு காலத்தில் இரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கப்பட்டது. அது நுரையீரலைத் தாக்கக் கூடும் என்று 1950களிலேயே மருத்துவ இதழ்களில் எழுதி வைத்திருந்தனர். ஆய்வாளர் தேடாமலில்லை. ஆனால் அவர் நாடிய 'பப்மெட்' எனும் கணினித் தொகுப்பு அந்நாளில் 1966ஆம் ஆண்டுக்கு முன் செல்லவில்லை. அதற்கு முந்திய எச்சரிக்கைகள் நூலக அலமாரிகளில் உறங்கிக் கிடந்தன!

மருத்துவ நூலகர்கள் இக்குறையை எடுத்துக் காட்டினர். இன்று அத்தொகுப்பில் 1940களின் கட்டுரைகளும் உள்ளன. எனினும் தேர்ந்த நூலகரின் தேவை குறைந்துவிடவில்லை. எந்தத் தொகுப்பு எந்த ஆண்டில் தொடங்குகிறது, ஒரே மருந்து எத்தனை பெயர்களில் வழங்குகிறது, எந்தக் கட்டுரை தவறென்று பின்னர் திரும்பப் பெறப்பட்டது என்பனவற்றை அறிந்தவர் அவர். "கிடைக்கவில்லை" என்பதற்கும் "இல்லை" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தவர்.

இத்துறைக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் நம் தமிழகத்தவரே. சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக் கழக நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளை உலகெங்கும் நூலக மாணவர்கள் பயில்கின்றனர். அறிவியல் பயிலும் உங்கள் மகனோ மகளோ நூல்களின்மீது பற்றுடையவராயின், இப்பணியையும் அவர்களுக்கு அறிமுகம் செய்யுங்கள்.

பெற்றோர்களே! "தேடிப் பார்த்தேன், ஒன்றுமில்லை" என்று பிள்ளைகள் கூறும்போது, "எங்கே தேடினாய்?" என்று கேளுங்கள். அடுத்து, "எங்கே தேடவில்லை?" என்றும் கேளுங்கள். அந்த இரண்டாம் கேள்வி கேட்கப்பட்டிருந்தால், 24 வயதிலேயே முடிந்த ஓர் இளம்பெண்ணின் வாழ்வு ஒருவேளை காக்கப்பட்டிருக்கக் கூடும்.