கோஸ்ட் ட்ரிக்: பழிவாங்காத ஒரு பேய்

நம்ம சினிமாப் பேய்க்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான். அநியாயமாச் செத்திருக்கும், யாராவது ஒருத்தர் உடம்புக்குள்ள புகும், பழிவாங்கும். 2011ல வந்த 'காஞ்சனா'வில் எவ்வளவு சிரிச்சாலும் கதை கடைசியில் போய் நிற்பது பழிவாங்கலில்தான்.

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2010ல் நிண்டெண்டோ டிஎஸ் கருவிக்கு வெளியிட்ட 'கோஸ்ட் ட்ரிக்' இதை அப்படியே திருப்பிப் போட்ட விளையாட்டு. 'ஏஸ் அட்டர்னி' என்ற நீதிமன்ற விளையாட்டை உருவாக்கிய ஷூ தகுமிதான் இதற்கும் இயக்குநர். நாயகன் சிசெல், கதை தொடங்கும்போதே செத்துக் கிடக்கிறான். தான் யார், தன்னைக் கொன்றது யார், எதுவுமே நினைவில்லை. விடிவதற்குள் கண்டுபிடிக்கணும், விடிந்தால் ஆவியும் இருக்காது.

இந்தப் பேய்க்கு மனுஷ உடம்பில் புகத் தெரியாது. விளக்கு, குடை, கிடார் மாதிரி பொருட்களுக்குள்தான் புக முடியும், அதையும் லேசா அசைக்க மட்டும்தான் முடியும். எட்டுகிற தூரமும் கொஞ்சம்தான். தொலைவு போகணும்னா டெலிபோன் கம்பி வழியாத்தான் போகணும். சிரிப்பு பாதி இங்கதான் வருது: துப்பாக்கியோட நிற்கிற கொலைகாரனுக்கு எதிரா நம்ம கையில இருப்பது ஒரு குடை! மீதிச் சிரிப்புக்கு ஆடிக்கிட்டே வரும் இன்ஸ்பெக்டரும், மிசைல் என்ற பொமரேனியன் நாயும் பொறுப்பு.

இன்னொரு சக்தியும் உண்டு. பிணத்துக்குள் புகுந்தால், அந்த ஆள் சாவதற்கு 4 நிமிடம் முன்னால் போகலாம். நடந்ததை முழுசாப் பார்த்துட்டு, எந்தப் பொருளை எந்த நொடியில் அசைத்தால் சாவு தவறும்னு யோசிக்கணும். வழக்கமான துப்பறியும் கதை "கொன்னது யாரு?" என்று கேட்கும். இது அதோட "எதைச் செஞ்சிருந்தா பொழைச்சிருப்பாங்க?" என்றும் கேட்குது. சாவு வீட்டில் எல்லாரும் கேட்கிற கேள்விதானே அது? 'ஒரு அஞ்சு நிமிசம் முன்னாடி வந்திருந்தா' என்று நாமளும் சொல்லியிருப்போம்.

உடுமலைப்பேட்டை உட்பட எங்க கொங்குப் பக்கத்துக்கு இந்த ஆசை புதுசில்லைங்க. உடுக்கடித்துப் பாடும் அண்ணமார் கதையில், செத்துக் கிடக்கும் பொன்னரையும் சங்கரையும் தங்கை எழுப்புவாள். படுகளச் சடங்கிலும் விழுந்து கிடப்பவர்களை எழுப்புவது உண்டு. ஆனால் அண்ணன்மார் எழுந்தது கொஞ்ச நேரம்தான். தங்கச்சியிடம் பேசிவிட்டு மறுபடி போயிடுவாங்க. அங்கே கிடைப்பது விடைபெற ஒரு அவகாசம். இந்த விளையாட்டிலோ அந்தக் கொஞ்ச நேரத்தில் சாவையே தடுக்கப் பார்க்கலாம்.

2023ல் கணினிக்கும் இன்றைய கருவிகளுக்கும் மெருகேற்றி மறுபடி வெளியிட்டிருக்காங்க. முடிவை நான் சொல்லப்போறதில்லை, நீங்களும் தேடிப் படிச்சிடாதீங்க. அந்த நாயை மட்டும் கவனிச்சுக்கிட்டே இருங்க.